‘நம்புகிறேன்’ முதல் ‘உறுதியளிக்கிறேன்’ வரை: சரியான சொல்லைத் தேர்வது எப்படி?

ஒரு கூற்றை அழுத்தமாக எழுத முனையும்போது, அந்த அழுத்தத்துக்கு ஆதாரம் எது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆதாரம் உங்கள் மனம் என்றால் ‘நம்பிக்கை’ பொருந்தும். நீங்கள் ஏற்கும் பொறுப்பு என்றால் ‘உறுதி’. காரியமே முடிவாகிவிட்டது என்றால் ‘நிச்சயம்’. திருமணம் பேசி முடித்த சடங்கை நிச்சயதார்த்தம் என்பது இதனால்தான்.

‘பணம் திங்களன்று கிடைக்கும் என நம்புகிறேன்’ என்று எழுதியவரிடம், அன்று பணம் வராவிட்டால் கணக்குக் கேட்க முடியாது. ‘கிடைக்கும் என உறுதியளிக்கிறேன்’ என்றவரோ வாக்குக் கொடுத்துவிட்டார். ‘உறுதி’யை அடுத்து வரும் வினையும் முக்கியம். ‘உறுதியளித்தார்’ என்பது இனி நடக்கப்போவதற்கான வாக்கு. ‘உறுதிசெய்தார்’ என்பது ஒரு தகவல் உண்மை என ஏற்பது. காய்ச்சல் டெங்குதான் என்பதைப் பரிசோதனை உறுதிசெய்யும், உறுதியளிக்காது. செய்தி எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருபோதும் கலக்கலாகாது.

‘கட்டாயம்’, ‘கண்டிப்பாக’ ஆகியவை பேச்சில் ‘நிச்சயமாக’ என்ற பொருளில் தாராளமாக வழங்குகின்றன. ஆனால் அலுவல் கடிதத்தில் அவை கட்டளையாகத் தொனிக்கும். ‘திண்ணம்’ மேடைக்கும் செய்யுளுக்கும் உரியது. ஆராய்ந்த பின்னர் ஒருவர்மேல் வைக்கும் நம்பிக்கையைத் திருக்குறள் ‘தெளிவு’ என்கிறது. அதன் 51ஆம் அதிகாரமான ‘தெரிந்துதெளிதல்’ முழுவதும் இதைப் பற்றியதே. இன்று அச்சொல் அப்பொருளை ஏறக்குறைய இழந்துவிட்டது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

தமிழில் உறுதியின் அளவைப் பெரும்பாலும் வினைமுடிவே காட்டிவிடுகிறது. ‘மழை பெய்யலாம்’, ‘பெய்யக்கூடும்’ ஆகியவை வாய்ப்பை மட்டும் சொல்லும். ‘பெய்யும்’ என்பது ஐயத்துக்கு இடம் தராது. ஓர் ஏகாரமே போதுமான இடங்களும் உண்டு: தொல்காப்பியம் ஏகாரத்துக்குக் கூறும் ஐந்து பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது உறுதிப்பொருள். ஆகவே ‘நிச்சயமாக’ என்று எழுதியதும் அதை ஒருமுறை நீக்கி வாசித்துப் பாருங்கள். வினை தனித்து நின்றால் அச்சொல் வேண்டியதில்லை. ‘நிச்சயமாகப் பெய்யக்கூடும்’ என்பதில் இரு சொற்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன.

மிகுந்த கவனம் வேண்டியது ‘வந்திருக்க வேண்டும்’ போன்ற வடிவம். ‘அவர் நேற்றே வந்திருக்க வேண்டும்’ என்றால், வந்துவிட்டார் என்ற ஊகமாகவும் கொள்ளலாம், வரத் தவறினார் என்ற குறையாகவும் கொள்ளலாம். ஊகத்தைக் குறிப்பதானால் ‘வந்திருப்பார்’ என்றும், குறையானால் ‘வந்திருக்க வேண்டியவர், வரவில்லை’ என்றும் பிரித்து எழுதுங்கள்.