உறுப்பு மாற்றம் செய்துகொண்டவருக்குத் தடுப்பூசி: போட்டால் போதாது, பலித்ததா என்றும் பார்க்க வேண்டும்

தம்பிக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிவானபோது, தடுப்பூசிப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எங்கே தவறியது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கின்றன. தடுப்பூசி தட்டி எழுப்ப வேண்டியதும் அதே சக்தியைத்தான். 2021இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், உறுப்பு மாற்றம் பெற்ற 658 பேரைப் பரிசோதித்தார்கள். எம்ஆர்என்ஏ கோவிட் தடுப்பூசி இரண்டு தவணை போட்ட பிறகும் 54 சதவீதம் பேரின் ரத்தத்தில்தான் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகியிருந்தது. அவர்களுக்குக் கூடுதல் தவணை வேண்டும் என்ற முடிவு இப்படித்தான் வந்தது.

படி 1: அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்குங்கள்

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை ஆகியவற்றுக்கான ஊசிகளில் வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. தேவைப்பட்டால், அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே இவற்றைப் போட்டுவிட வேண்டும். பிறகு பொதுவாகப் போடுவதில்லை. உயிரற்ற தடுப்பூசிகளை 2 வாரங்களுக்கு முன்பாவது முடித்துவிடுவது நல்லது. டயாலிசிஸில் இருப்பவருக்கு ஹெபடைடிஸ் பி ஊசியின் அளவு வழக்கத்தைவிட அதிகம், பெரும்பாலும் 40 மைக்ரோகிராம். எந்த அளவு போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: சரியான பரிசோதனையைக் கேளுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். தவணைகள் முடிந்ததும் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், "ஹெபடைடிஸ் பி பார்க்க வேண்டும்" என்றேன். மறுநாள் தாளில் 'நெகட்டிவ்' என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த சந்திப்பில் மருத்துவர் தாளைத் திருப்பி என்னிடமே நீட்டி, "இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார்.

அவர்கள் பார்த்தது ஆன்டிஜென், அதாவது வைரஸின் மேற்பரப்புப் புரதம். அது 'நெகட்டிவ்' என்றால் இப்போது தொற்று இல்லை என்று மட்டுமே பொருள். ஊசி பலித்ததா என்று சொல்வது ஆன்டிபாடி அளவு. தாளில் பரிசோதனையின் பெயராக 'ஆன்டி-எச்பிஎஸ்' (Anti-HBs) என்பதும் முடிவில் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் ஒரு மில்லிலிட்டருக்கு 10 எம்ஐயூவுக்கு (ஆன்டிபாடியை அளக்கும் அலகு) குறையக் கூடாது. கடைசித் தவணை போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதங்களில் பார்ப்பது சரியான நேரம்.

தம்பியின் எண் 4. அட்டையில் எல்லாக் கட்டங்களிலும் முத்திரை இருந்தது, உடம்பில் போதிய பாதுகாப்பு இல்லை. மருத்துவர் மறுபடியும் முழுச் சுற்றையும் போடச் சொன்னார். அதன் பிறகுதான் எண் 10ஐத் தாண்டியது.

இந்த எண்ணும் நிலையானதன்று, காலப்போக்கில் இறங்கும். டயாலிசிஸ் காலத்தில் ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம். மாற்றத்துக்குப் பிறகு எப்போது பார்ப்பது என்பதை நீங்களே கேட்டுவிடுங்கள்.

படி 3: அறுவை சிகிச்சைக்குப் பிறகு

மருந்தின் அளவு உச்சத்தில் இருக்கும் முதல் மாதங்களில் ஊசி எடுபடுவது கடினம். அதனால் பெரும்பாலான ஊசிகளுக்கு 3 முதல் 6 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். காய்ச்சல் பருவம் என்றால் ஃப்ளூ ஊசியை ஒரு மாதத்திலேயே போடலாம். ஆண்டுதோறும் போட வேண்டும். மூக்கில் தெளிக்கும் வகையில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் அது கூடாது. அக்கிக்கு உயிரற்ற இரண்டு தவணை ஊசி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளணுக்களைக் குறைக்கும் ரிடுக்சிமாப் என்ற மருந்தைச் செலுத்தியிருந்தால் அந்தத் தேதியை மறக்காமல் சொல்லுங்கள், ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

ஊசி நன்றாகப் பலிக்கட்டும் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உறுப்பே போய்விடும்.

படி 4: வீட்டில் உள்ளவர்கள்

பாதிப் பாதுகாப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அவர் உடம்பில் ஊசி எடுபடாமல் போனாலும், நாம் நோயை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்கலாமே. நாங்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறோம்.

குறிப்பு வைக்கக் கைப்பேசிச் செயலிகளைவிட நோட்டுப் புத்தகமே மேல் என்பேன். தேதி, ஊசியின் பெயர், அளவு, தொகுதி எண், அதற்குப் பின் பார்த்த ஆன்டிபாடி எண் என்று ஐந்து பத்திகள். கடைசிப் பத்தி காலியாக இருந்தால் கண்ணை உறுத்த வேண்டும், அதற்காகத்தான் அது.

பின்சேர்க்கை

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கொடுக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கொடுக்கலாம். ஆனால் குழந்தையின் மலத்தில் அந்த வைரஸ் சில நாள் வெளியேறும். ஆகவே 4 வாரங்களுக்கு உறுப்பு மாற்றம் பெற்றவர் அணையாடை மாற்றாமல் இருக்கட்டும், மற்றவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து மட்டும் அந்த வீட்டில் வேண்டாம். குழந்தைக்கு ஊசி வடிவப் போலியோ மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

உறுப்பு மாற்றம் பெற்றவர்களைப் பாதிக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கு ஊசி உண்டா என்று இன்னொருவர் கேட்டார். இன்னும் இல்லை. அந்த வைரஸைத் தடுக்கும் வால்கான்சிக்ளோவிர் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பது அதனால்தான். உடம்பு தேறிவிட்டது என்று அதை இடையில் விட்டுவிடாதீர்கள்.