ஐசியூவுக்குள் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஐசியூ வாசலில் காத்திருக்கும் நமக்கு ஆக்ஸிஜன் அளவும் பில்லும்தான் கவலை. உள்ளே படுத்திருப்பவரை வதைப்பது வேறு: தாகம், தூக்கமின்மை, பேச முடியாமை, இது பகலா இரவா என்றே தெரியாத திகைப்பு. பாசத்தில் நாமே சிலவற்றைக் கூட்டிவிடுகிறோம்.

சேர்க்கும்போது நகை, போன், மூக்குக்கண்ணாடி, காது மெஷின் எல்லாவற்றையும் கழற்றி நம் கையில் கொடுப்பார்கள். அப்படியே வீட்டு பீரோவுக்குப் போய்விடும். நகையும் போனும் போகட்டும், கண்ணாடியும் காது மெஷினும் போகக் கூடாது. நினைவு திரும்பியதும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு சிஸ்டரிடம் கொடுங்கள். கண்ணும் காதும் சரியில்லாத பெரியவருக்கு அங்கே எல்லாமே மிரட்டலாகத்தான் இருக்கும்.

வாயில் டியூப் இருப்பவரிடம் "எப்படிப்பா இருக்கு, எங்க வலிக்குது?" என்று கேட்காதீர்கள். டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் சத்தம் வராது. பேச முயன்று இருமுவார், அலாரம் அடிக்கும். "வலிக்குதா? ஆமான்னா என் கையை அமுக்குங்க" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வலி, தாகம், திரும்பிப் படுக்கணும் என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையும் உதவும்.

"ஒரு வாய் தண்ணிதானே" என்று யாருக்கும் தெரியாமல் கொடுப்பது ஆபத்து. புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். உதட்டை ஈரத் துணியால் நனைக்கலாமா என்று சிஸ்டரைக் கேளுங்கள்.

மருத்துவமனை அறைகளில் இரவுச் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். ஐசியூக்களில் 50ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அந்தச் சத்தத்திலும் ஒருவர் கண்ணயர்ந்திருந்தால், கிடைத்த பத்து நிமிஷம் வீணாகிறதே என்று எழுப்பாதீர்கள். மயக்க மருந்தில் இருப்பவருக்குக் காது கேட்காது என்றும் நினைக்க வேண்டாம். பணப் பேச்சு, பங்காளிச் சண்டை எல்லாம் வெளியில்.

எல்லாவற்றையும்விட வீட்டாரைக் கலங்கடிப்பது மனக்குழப்பம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். நர்ஸ் ஊசி போட்டுக் கொல்லப் பார்க்கிறாள், வீட்டுக்குக் கூட்டிப் போ என்று அழுவார். உடனே "மூளை பாதிச்சிடுச்சு" என்று முடிவுகட்டுகிறோம். நோய்த்தொற்று, மருந்துகள், தூக்கக் கேடு ஆகியவற்றால் வரும் நிலை இது. ஏறி இறங்கும், இரவில் கூடும், பெரும்பாலும் சரியாகிவிடும். பூச்சி இல்லை என்று வாதாடவும் வேண்டாம், இருக்கிறது என்று தலையாட்டவும் வேண்டாம். "நான் உங்க பையன். இது ஆஸ்பத்திரி. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, காலைல பத்து மணி" என்று நிதானமாகச் சொல்லுங்கள். கையைக் கட்டியிருந்தால் மனசு கேட்காமல் அவிழ்த்துவிடாதீர்கள், அடுத்த நொடி டியூப் அவர் கையில் இருக்கும். எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

இந்த மனக்குழப்பத்தில் சத்தமே இல்லாத வகை ஒன்று உண்டு. கத்த மாட்டார், எதிலும் ஒட்டாமல் வெறித்துப் பார்ப்பார். அமைதியாக இருக்கிறார் என்று நாம் நிம்மதியடைவோம். அவர் இயல்பு இதுவல்ல என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். டூட்டி டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.