லோடிங் காயிலில் மின்னோட்டம் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கியவர்கள் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பட்டைக்குக் குட்டை விப் ஆன்டெனா, அதாவது செங்குத்துக் கம்பி ஆன்டெனா, கட்டிவிட்டு, அதை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவர இடையில் போடும் லோடிங் காயிலுக்குக் கீழே எவ்வளவு மின்னோட்டம், மேலே எவ்வளவு என்று அளந்து பார்க்கிறார்கள். நல்ல ஆர்வம்தான். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் இடறிய அதே கல்லில் இவர்களும் இடறுகிறார்கள். தானே தெரிந்துவிடும் சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

காயிலின் மேல்முனையில் பெரிய மீட்டரை மாட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். காயிலுக்கு மேலே ஒன்றரை மீட்டர் கம்பி இருக்கிறது என்று வையுங்கள். அதன் கெபாசிட்டன்ஸ் சுமார் 15 பிக்கோஃபாரட். 7.1 மெகாஹெர்ட்ஸில் இது மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 1500 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினால் அந்த முனையில் 1500 வோல்ட் நிற்கும். அங்கே போய்த் தகர உறை போட்ட மீட்டரைத் தொங்கவிட்டு, தரைவரை ஒயரும் இழுத்தால்? ஒரே ஒரு பிக்கோஃபாரட் கூடினாலே ஒத்ததிர்வு 6.9 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். ஐந்து கூடினால் 6.2-கூட இருக்காது.

தம்பி ஒருவர் இப்படித்தான் அளந்தார். முதலில் கீழே, பிறகு மேலே. மேலே பாதிதான் காட்டியது. "காயில் பாதியை முழுங்கிடுச்சு அண்ணா" என்று தடித்த கம்பி வாங்கிக் காயிலையே மாற்றிச் சுற்றினார். மீட்டரை மாட்டியதும் ஒத்ததிர்வு நகர்ந்துவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை. கீழே அளந்தது ஒரு ஆன்டெனா, மேலே அளந்தது வேறு ஆன்டெனா. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பொருந்தாமல் பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) எகிறிய நிலையிலேயே தொடர்ந்து அனுப்பியதில் டிரான்ஸ்மிட்டரின் அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் போயின.

அளக்க இது போதும்: ஆன்டெனா கம்பி நடுவே நுழையும் சின்ன ஃபெரைட் வளையம், அதில் 20 சுற்று, அந்தச் சுற்றின் குறுக்கே 50 ஓம் ரெசிஸ்டர், ஒரு டையோடு, கெபாசிட்டர், குட்டி மைக்ரோ அம்மீட்டர். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடங்க வேண்டும். வெளியே ஒரு ஒயர்கூட வரக்கூடாது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஆன்டெனா அனலைசரில் ஒத்ததிர்வைப் பாருங்கள். நகர்ந்திருந்தால் அந்த அளவைக் குப்பையில் போடுங்கள். கீழே நிரந்தரமாக இன்னொரு மீட்டர் இருக்கட்டும். அது ஒரே அளவைக் காட்டும்படி பவரை வைத்துக்கொண்டு, டப்பாவை மட்டும் இடம் மாற்றுங்கள்.

அந்த 50 ஓமை மறப்பது

அது இருந்தால் ஆன்டெனாவில் சேர்வது 0.125 ஓம். இல்லாவிட்டால் வளையமே இன்னொரு காயில்.

காயில் சூடாவதால் மின்னோட்டம் குறைகிறது என்று நம்புவது

மின்தடை தின்பது ஆற்றலை. தொடராக ஓடும் மின்னோட்டத்தை அல்ல. மேலே குறைந்தால், காயிலின் சுற்றுகளிலிருந்து காற்று வழியாகப் பிரிந்துபோகும் இடப்பெயர்ச்சி மின்னோட்டம்தான் காரணம். கச்சிதமான காயிலில் அது கொஞ்சம்தான்.

அனுப்பும்போது பக்கத்தில் நிற்பது

வேண்டாம். தள்ளி நின்று பைனாகுலரில் படியுங்கள்.

வளையத்தைத் திருப்பி மாட்டிப் பார்க்காதது

திருப்பினாலும் அதே அளவு வர வேண்டும். மாறினால் மீட்டரில் மின்புலமும் கலந்திருக்கிறது. சுற்றுகளை வளையம் முழுக்கச் சீராகப் பரப்பி, கம்பி நடுவில் நிற்கும்படி பிளாஸ்டிக் புஷ் போட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.