பழைய ஜீப்பின் முன் சேஸ்: கடலோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறக்கப்பட்டது 2017-இல். அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணலிலும் அலை ஏறிய ஈரத்திலும் ஜீப்பும் வேனும்தான் போகும். என் சித்தப்பாவின் ஜீப் பல வருடம் அப்படி ஓடியது. வண்டி என் பொறுப்புக்கு வந்தபோது, முன் பம்பருக்குப் பின்னால் சேஸின், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், அடிப்பக்கத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். துரு ஏடு ஏடாகக் கழன்றது. கூடவே ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. வண்டி கடற்கரைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மணல் ஈரமாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

இந்தக் கடலோரத்தில் பழைய வண்டியின் சேஸைப் பழுதுபார்க்கிறவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் அந்த ஈர மணலை மறப்பதில்தான் தொடங்குகின்றன. ஜீப்பின் அடியில் இரண்டு நீளச் சட்டங்கள் ஓடுகின்றன. இன்ஜின், ஸ்பிரிங் பட்டை, ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் வந்து அமரும் முன்பகுதியில் பலத்துக்காக உள்ளே இன்னொரு தகடு சேர்த்து, சட்டத்தைப் பெட்டி போல மூடியிருப்பார்கள். உள்ளே போன மணல் வெளியே வராது. உப்பு, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாத மாதத்திலும் அந்தப் பெட்டியின் உட்புறம் நனைந்தே இருக்கும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவை ஆராய மண்டபம் ஊரில் தனி நிலையம் வைத்ததற்கும் இந்த உப்புக்காற்றுதான் காரணம்.

ஆகவே முதல் தவறு, துரு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் ஒரு தகட்டை வைத்து ஒட்டுவது. எங்கள் ஜீப்புக்கு முதலில் நடந்தது அதுதான். ஒரு பட்டறையில் அரை நாளில் வேலையை முடித்து, மேலே தார் பூசிக் கொடுத்தார்கள். பார்க்கப் புதிதாக இருந்தது. எட்டு மாதத்தில் ஒட்டிய தகட்டின் ஓரத்தை ஒட்டியே விரிசல் விட்டது. வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் துரு, உள்ளே கையகலம் தின்றுவிட்டு வந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் சொத்தென்று அடங்கிவிடும். கணீர் ஒலி வரும் இடம் வரை வெட்டியெடுக்க மனம் வேண்டும். தார் பூசியே தீருவேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தார் ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடும்.

அடுத்தது கழுவுவது. இங்கே பல வீடுகளில் போர் தண்ணீரே உவர். அந்தத் தண்ணீரால் சேஸைக் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகிவிடும். காவிரிக் குடிநீரைக் குடங்களில் பிடித்து வைக்கிற ஊரில் அதை வண்டிக்கு ஊற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு டிரம் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பெட்டிச் சட்டத்துக்குள் குழாயை விட்டு, வெளியே வருகிற தண்ணீரில் கரிப்பு நிற்கும் வரை அடித்தேன். துருவை நீக்கக் கடற்கரை மணலை அள்ளிப் பீய்ச்சி அடிக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதிலிருக்கும் உப்பு இரும்பின் குழிகளில் போய் உட்காரும். மணல் தூசி அடிக்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அளக்காமல் வெட்டுவது. முன் சேஸ் சில மில்லிமீட்டர் விலகினாலும் அச்சு கோணலாக நிற்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு சட்டங்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டு கொடுங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டமே இதற்குப் போதும். ஸ்பிரிங் பட்டையின் முன், பின் போல்ட் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் நான்கு புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குறுக்களவு: இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் 9 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. முதல் பட்டறை இதைப் பார்க்கவே இல்லை. அளவு சரியான பிறகு, இரண்டு சட்டங்களுக்கும் இடையே ஓர் ஆங்கிளைத் தற்காலிகமாகப் பற்றவைத்து இறுக்கிவிட்டுத்தான் கிரைண்டரை எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டே மறுபக்கம்.

வெட்டும்போது சட்டத்துக்கு நேர் குறுக்காக வெட்டிச் சேர்த்தால் பலவீனம் முழுவதும் ஒரே கோட்டில் விழும். சாய்வாகவோ படிபோலவோ வெட்டுங்கள். மேலே வைக்கும் துணைத்தகட்டின் முனைகள் சதுரமாக இல்லாமல் கூர்ந்து முடியட்டும். சட்டத்தின் மேல், கீழ் மடிப்புகளுக்குக் குறுக்கே வெல்டிங் ஓட்டாதீர்கள். இழுவை அதிகம் வருவது அங்கேதான். தடித்த தகடு என்றால் பலம் என்று நினைப்பதும் பிழை. தடித்த தகடு வளையாது, அதன் ஓரத்தில் பழைய இரும்பு வளைந்து வளைந்து விரிசல் விடும். துருப்பிடிக்காத ஓரிடத்தில் வெர்னியர் என்ற அளவுகோலை வைத்து அளந்து அதே கனத்தில் வாங்குங்கள். பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டுக் கனமான டீசல் இன்ஜின் பொருத்திய ஜீப் என்றால், இன்ஜின் மவுண்ட் அமரும் இடத்தையும் இப்போதே பாருங்கள்.

வெல்டிங்குக்கு இந்தக் கரையில் இரண்டு எதிரிகள். ஒன்று காற்று. வாயுவைப் பீய்ச்சிக்கொண்டே பற்றவைக்கும் மிக் (MIG) வெல்டரை ஆடி மாதக் கச்சான் காற்றில் திறந்தவெளியில் ஓட்டினால், உருகிய இரும்பைக் காக்க வரும் வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வெல்டிங் பணியாரம் போலத் துளைத்துளையாக வரும். நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள். மற்றொன்று ஈரம். பிரித்த பாக்கெட்டில் கிடந்த வெல்டிங் ராடு காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். சேஸுக்கு ஏற்ற 7018 என்ற வகை ராடு ஈரமானால் அதைப் போட்டே பயனில்லை. புதிய பாக்கெட் வாங்கி அன்றே பயன்படுத்துங்கள், அல்லது சூட்டில் காயவைத்து எடுங்கள். நீளமாக ஒரே மூச்சில் ஓட்டாமல், சிறு சிறு துண்டாக இடம் மாற்றி மாற்றி ஓட்டினால் சட்டம் கோணாது.

தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பழைய ஜீப்பில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க் இருக்கும். அதை இறக்கி வெகு தூரத்தில் வையுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், வீல் பேரிங் வழியாக மின்சாரம் போகக் கூடாது. ஆடிப்போன ரிவெட்டின் தலையை வெல்டிங் செய்து மூடாமல், துளையிட்டு எடுத்துவிட்டுச் சரியாகப் பொருந்தும் உயர்பல போல்ட் போடுங்கள்.

சேஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 50 வருடம் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாக ‘விஏ’ வரிசையில் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்காது. அந்த எண்ணம் இருந்தால், சட்டத்தை நீட்டுவது, வேறு வண்டியின் முன்பகுதியை ஒட்டுவது போன்ற யோசனைகளை விட்டுவிட்டு, இருந்ததை இருந்தபடி மீட்பதோடு நில்லுங்கள்.

பெயிண்டை நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். மாலையில் பளபளவென்று தேய்த்து வைத்த இரும்பு, இங்கே விடிவதற்குள் பழுப்பேறிவிடும். காலையில் தேய்த்து, வெயில் இருக்கும்போதே துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்துவிட வேண்டும். பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பான். கடைசியாக, பெட்டியின் மிகத் தாழ்வான இடத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வடிகால் துளை. வெல்டர் அது தேவையில்லை என்றார், நான் கேட்கவில்லை. அரிச்சல்முனை போய்வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் துளையில் கம்பியை விட்டுத் துழாவுகிறேன். மணல் வந்தால், அன்றிரவே மழைநீர் டிரம்மைத் திறந்துவிடுகிறேன்.