நாட்டுச் சக்கரை போட்டு ராகி கேக்: நடுவில் குழி விழாமல் சுட்டெடுக்க

அஸ்காவை (வெள்ளைச் சர்க்கரையை) நிறுத்திவிட்டு அதே அளவு நாட்டுச் சக்கரையைக் கொட்டினால் கேக் மேலே கருகும், நடுவில் பிசுபிசுவென்று நிற்கும். நாட்டுச் சக்கரை ஈரம் பிடித்தது. சூட்டில் சீக்கிரம் கறுக்கும். அதனால் தண்ணீரையும் அடுப்புச் சூட்டையும் ஒட்டுக்காகக் குறைக்க வேண்டும்.

7 அங்குல வட்ட டின்னுக்கு: ராகி மாவு 100 கிராம், கோதுமை மாவு 75 கிராம், நாட்டுச் சக்கரை 120 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 120 கிராம், செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் 70 மில்லி, தண்ணீர் 90 மில்லி, பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், சுக்குத் தூள். ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் எண்ணெய்க்குப் பதில் உருக்கி ஊற்றலாம். மணம் வேறு மாதிரி இருக்கும். தேங்காய் எண்ணெயும் ஆகும். ஆனால் மார்கழிக் குளிரில் ஃபிரிட்ஜ் தயிரோடு சேர்த்தால் கட்டி கட்டியாக உறையும்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடிச் சக்கரையே இதற்கும் போதும். வெளுத்த மஞ்சளாக மின்னுவதை எடுக்காதீர்கள். நிறம் எடுப்பாக வர ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டிருக்கலாம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் மேலே சொன்ன அளவு சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் தண்ணீரில் 10 மில்லி குறையுங்கள்.

ராகி மாவை வடச்சட்டியில் சிறு தீயில் 4 நிமிடம், பச்சை வாசம் போகும்வரை வறுத்து ஆறவிட்டுச் சலியுங்கள். அதைத் தயிரில் கலந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். அவசரத்தில் பலரும் விடுவது இதைத்தான். ஊறாத ராகி வெந்த பிறகும் பல்லில் மணல் போல நெறுநெறுக்கும். ராகியில் பசைத்தன்மை இல்லை, கோதுமைதான் பிடித்து நிறுத்துகிறது; முழுக்க ராகியில் சுட்டால் துண்டு போடும்போதே உதிரும். கம்பு மாவு போடுவதானால் அன்றே அரைத்தது வேண்டும். கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்து வைத்தால் சில நாளில் சிக்கு வாடையும் கசப்பும் ஏறிவிடும்.

சக்கரையை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். தூசியும் கரும்புச் சக்கையும் அடியில் தங்குவதைப் பார்க்கலாம். நன்றாக ஆறிய பின் எண்ணெயோடு சேர்த்து ராகிக் கலவையில் ஊற்றுங்கள். கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலக்காய், சுக்கு எல்லாவற்றையும் சலித்துக் கடைசியில் போட்டு, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். பதம் இட்லி மாவு போல இருக்கட்டும். தயிரில் பட்டதுமே சோடா நுரைக்கத் தொடங்கும். அதற்குள் ஓவன் 170 டிகிரி செல்சியஸில் தயாராக இருக்க வேண்டும். மாவைக் கலந்துவிட்டு அடுப்பைத் தேடினால் குழிதான். குழிக்குப் பயந்து சோடாவைக் கூட்டினால் சோப்பு வாடை வரும்.

35 முதல் 40 நிமிடம். மாவே கறுப்பு என்பதால் நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்ல முடியாது. கழுவிய ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுங்கள், ஈரமாவு ஒட்டக்கூடாது. 30 நிமிடத்துக்கு முன் கதவைத் திறக்காதீர்கள். ஓவன் இல்லாதவர்கள் கனத்த குக்கரில் ஒரு விரற்கடை உப்பு பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, 10 நிமிடம் சூடாக்கி, உள்ளே ஸ்டாண்டு போட்டு டின்னை வைத்துச் சிறு தீயில் 45 நிமிடம் விடலாம்.

எட்டுத் துண்டு போட்டால் ஒன்றில் 15 கிராம் சக்கரை இருக்கிறது. நாட்டுச் சக்கரையானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மாற்று அல்ல. இனிப்பைக் குறைக்க நினைத்தால் 90 கிராம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே போனால் கேக் வறண்டு களிக்கட்டி போலாகிவிடும்.

டின்னோடு 15 நிமிடம், பிறகு கம்பித் தட்டில் முழுக்க ஆறட்டும். சூட்டோடு வெட்டினால் கத்தியில் அப்பும். சாயங்காலம் சுட்டு மறுநாள் காலையில் வெட்டினால் துண்டு நேராக நிற்கும், சுக்கு மணமும் இறங்கியிருக்கும். வெளியில் இரண்டு நாள் தாங்கும். சித்திரை வெயிலில் ஒரு நாள்தான்.