கணக்கு ஹோம்வொர்க்: பென்சிலைப் பிள்ளையிடமே விடுங்கள்

பெங்களூரில் ஆபீஸ் முடிந்து சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேரவே பலருக்கு எட்டு மணி ஆகிவிடுகிறது. சாப்பாடு முடிந்து கணக்கு நோட்டைத் திறக்கும்போது பிள்ளைக்குத் தூக்கம் சொக்கும், நமக்கோ சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருக்கும். பென்சிலை வாங்கி நாமே போட்டுக் காட்டிவிடுகிறோம். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். நோட்டில் விடை சரியாக இருக்கும். பிள்ளை எங்கே குழம்பியது என்பது டீச்சருக்கும் தெரியாமல் போய்விடும்.

52-இல் 27 போனால் எவ்வளவு? பிள்ளை 35 என்று எழுதுகிறது. "தப்பு, திரும்பப் போடு" என்றால் மறுபடியும் 35 தான் வரும். "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்று பதில் வரும். இரண்டில் ஏழு போகாது என்பதால் திருப்பிக் கழித்திருக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். பத்து ரூபாய் நோட்டு ஐந்தும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டும் கையில் கொடுத்து, அதிலிருந்து 27 ரூபாய் கேளுங்கள். ஒரு பத்தைச் சில்லறை மாற்றாமல் தர முடியாது. கடன் வாங்கிக் கழிப்பது என்பது அந்தச் சில்லறை மாற்றல்தான்.

பின்னத்திலும் இப்படித்தான். 1/2 + 1/3 = 2/5 என்று மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி வைத்திருக்கும். உடனே விதியைச் சொல்ல வேண்டாம். "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டால் போதும், 2/5 அரையைவிடச் சின்னது என்று அதுவே கண்டுபிடிக்கும்.

நம்மில் பலர் ஊரில் தமிழ் வழியில் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) படித்தவர்கள். பிள்ளை இங்கே அதையே எல்.சி.எம். என்று படிக்கிறது, முறையும் கொஞ்சம் மாறியிருக்கலாம். 300-இல் 198-ஐக் கழிக்க, 200-ஐக் கழித்து 2-ஐச் சேர்த்தால், "ஒழுங்கா கடன் வாங்கிப் போடு" என்று தடுக்காதீர்கள். அது அருமையான வழி. நம் முறையைச் சொல்லித்தரும் முன் வகுப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் வரும் வாக்கியக் கணக்கை வாசித்து, "இது கழித்தல்" என்று நாமே சொல்லிவிடுவதும் தவறு. 'டோட்டல்' வந்தால் கூட்டு, 'லெஃப்ட்' வந்தால் கழி என்று குறுக்குவழி சொல்லித்தருவது அதைவிட மோசம். ரவியிடம் 12 பென்சில். அது மீனாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மீனாவிடம் எத்தனை? 'அதிகம்' என்று இருக்கிறதே என்று கூட்டினால் 17 வரும், சரியான விடை 7. கணக்கைப் பிள்ளையே தமிழில் கதை மாதிரி சொல்லட்டும். எது புரியவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

"எனக்கும் கணக்குன்னா பயம்தான்" என்று ஆறுதலாகக்கூடச் சொல்லாதீர்கள். கணக்கு பயம் அதிகமுள்ள பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்கில் உதவியபோது, பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகக் கற்றார்கள், அவர்களுக்கும் பயம் கூடியது என்று 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு அது.

எரிச்சல் வருகிறதா, நோட்டை மூடிவிடுங்கள். முடிக்காத கணக்கைப் பிள்ளை போட்ட அளவில் அப்படியே விட்டு, "கடன் வாங்கும் இடத்தில் தடுமாறுகிறாள்" என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால், டீச்சர் மறுநாள் அங்கிருந்தே சொல்லித்தரலாம்.