கிரேன் என்றால் கொக்கு அல்ல

பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையில் அடிக்கடி வரும் பிழை இது: சிங்கப்பூரின் காலாங் ஆற்றோரம் நிற்கும் வெள்ளைக் கொக்கை ‘கிரேன்’ என்று எழுதிவிடுவார்கள். சில அகராதிகளும் அப்படித்தான் சொல்லித் தொலைக்கின்றன. கிரேன் வேறொரு பறவை. அந்த வெள்ளைக் கொக்கு ‘ஈக்ரெட்’. சாம்பல் நிறத்தில் ஆள் பாதி உயரம் நின்றால் ‘ஹெரான்’.

சந்தேகம் வந்தால், பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். ஈக்ரெட்டும் ஹெரானும் கழுத்தை மடக்கித் தோளோடு இழுத்துக்கொள்ளும். கிரேன் கழுத்தை நேராக நீட்டியபடி பறக்கும். கழுத்தை நீட்டும் அந்தப் பழக்கமே வினைச்சொல்லாகவும் ஆனது. தைப்பூசக் கூட்டத்தில் காவடியைப் பார்க்க ஒருவர் எட்டி எட்டிப் பார்த்தால் ‘கிரேன்ட் ஹிஸ் நெக்’ என்று தாராளமாக எழுதலாம். எம்ஆர்டி ரயிலில் தலை குனிந்து கைப்பேசி பார்ப்பவருக்கு அது பொருந்தாது. மதிப்பெண் போகும் இடம் இதுதான்.

துவாஸ் துறைமுகப் பாரந்தூக்கிக்கும் இதே பெயர். நீண்ட கழுத்துதான் காரணம். பண்டைய கிரேக்கர்களும் ‘கெரானோஸ்’ என்ற ஒரே சொல்லால் பறவையையும் பாரந்தூக்கியையும் குறித்தார்கள். ஜெரேனியம் செடியின் பெயரும் அதே வேர்தான். அதன் விதையுறை பறவையின் அலகுபோல் நீண்டிருக்கும்.

வம்சாவளியைக் குறிக்கும் ‘பெடிகிரி’க்குப் பழைய பிரெஞ்சில் ‘கிரேனின் கால்’ என்று பொருள். வம்சாவளிப் படத்தில் கிளை பிரியும் கோடு அந்தப் பறவையின் பாதத்தைப்போல் இருந்ததாம்.

கிரான்பெரி பழத்தின் பெயரிலும் இதே பறவைதான் இருக்கிறது. எழுதும்போது மட்டும் ‘கிரேன்’ சொல்லின் கடைசி ‘ஈ’ எழுத்தை அதில் சேர்த்துவிடாதீர்கள்.